சிவப்பு மர ஸ்பாஞ்ச் நுனி வெளுத்துட்டு வருது, காப்பாத்த முடியுமா?

நீலத்தொட்டி:

எல்லாருக்கும் வணக்கம். என் டேங்க் 300 லிட்டர் ரீஃப் (கோரல் வளர்க்கிற கடல்தண்ணித் தொட்டி), ஓட ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆகுது. ரெண்டு க்ளவுன் மீன், ஒரு கோரல் பியூட்டி ஏஞ்சல், கொஞ்சம் லெதர் கோரல், சோவாந்தஸ், ஒரு ஹேமர் கோரல் இருக்கு. மூணரை மாசம் முன்னாடி ஒரு சிவப்பு மர ஸ்பாஞ்ச் (மரம் மாதிரி கிளை விடுற கடல் உயிர்) வாங்கினேன், ஒரு சாண் உயரம், அஞ்சு கிளை, பார்த்ததும் மனசு போயிடுச்சு. முதல் ரெண்டரை மாசம் எந்தக் குறையும் இல்ல, அதே செவப்பு, அதே உயரம், நானும் சரி செட் ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். இப்ப பத்து நாளா ரெண்டு கிளையோட நுனி நிறம் போய் கண்ணாடி மாதிரி வெள்ளையா ஆகுது, பிப்பெட்ல லேசா தண்ணி அடிச்சா அந்த இடத்துல இருந்து தூள் தூளா பறக்குது, உள்ள நார் மாதிரி ஒண்ணு மட்டும் நிக்குது.

தண்ணி எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டேன். சலினிட்டி 1.025, வெப்பம் 25.5, ஆல்க்கலினிட்டி 8.4, கால்சியம் 430, நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.02, அமோனியா இல்ல. ஸ்கிம்மர் (நுரையில அழுக்கைப் பிரிக்கிறது) 24 மணி நேரமும் ஓடுது, யூவி விளக்கும் (கிருமி கொல்றது) அப்படித்தான், சம்ப்ல (டேங்குக்குக் கீழ இருக்கிற ஃபில்டர் தொட்டி) ஃபில்டர் சாக், அதாவது வடிகட்டுற துணிப்பை போட்டிருக்கேன். வாரம் ரெண்டு தடவை பாட்டில் பைட்டோ (கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி) ஒரு மூடி ஊத்துறேன். நிறம் நல்லா தெரியட்டும்னு மேல் பாறையில லைட்டுக்கு நேரா வச்சிருக்கேன்.

இன்னொண்ணு, வாங்கும்போது கொடுத்தவங்க வலையில அள்ளி மேல தூக்கித்தான் கவர்ல போட்டாங்க, ரெண்டு மூணு செகண்ட் காத்துல இருந்துச்சு. அதனாலதான் இப்படி ஆகுதா? இல்ல ஏஞ்சல் கடிக்குதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, இது கண்ணு முன்னாடி கரையறத பார்க்க ரொம்ப கஷ்டமா இருக்கு.

பழைய உப்பு:

தம்பி, நீங்க எழுதினதுல ஒரே வரியில விஷயம் இருக்கு, "முதல் ரெண்டரை மாசம் எந்தக் குறையும் இல்ல, அதே உயரம்". ஸ்பாஞ்ச் ரெண்டரை மாசத்துல கொஞ்சம்கூட வளரலன்னா அது நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, உடம்புல இருக்கிறத தின்னுட்டு நாளைத் தள்ளுதுன்னு அர்த்தம். மீன் பட்டினி கிடந்தா வயிறு ஒட்டும், கோரல் பட்டினி கிடந்தா சதை சுருங்கும், இதுல வெளிய ஒண்ணுமே தெரியாது. நாரும் நிறமும் அப்படியே நிக்கும், உள்ள இருக்கிற உயிருள்ள செல் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வரும். நுனி வெளுக்கிறது நமக்குத்தான் பத்து நாள் சமாச்சாரம், அதுக்கு மாசக் கணக்கு.

காத்து பட்டது தப்புதான், அதை நான் லேசா சொல்ல மாட்டேன். உள்ள இருக்கிற கால்வாய்ல காத்துக் குமிழ் சிக்கிக்கிட்டா அந்தப் பக்கம் தண்ணி போகாது, அங்க சதை செத்து அழுக ஆரம்பிக்கும். ஆனா அது பெரும்பாலும் சில நாள்லயோ ரெண்டு மூணு வாரத்துலயோ தெரிஞ்சுடும், மூணு மாசம் காத்திருக்காது. அதனால இங்க அது காரணம் இல்லன்னுதான் எனக்குத் தோணுது.

ஏஞ்சல் சந்தேகம் நியாயம்தான், கடல்ல பெரிய ஏஞ்சல் நிறைய ஸ்பாஞ்ச் தின்னுதான் வாழுது, உங்க கோரல் பியூட்டி மாதிரி சின்னதும் கொத்திப் பார்க்கும். ஆனா கொத்தினா கிளை ஓரத்துல குழி குழியா இருக்கும், குழிக்குள்ள நிறம் இருக்கும். நுனியில இருந்து கண்ணாடி மாதிரி இறங்கிட்டு வராது. ஒரு நாள் உக்காந்து கவனிச்சுப் பாருங்க.

இது எப்படி சாப்பிடுதுன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் புரியும். இதுக்கு வாய் கிடையாது வயிறு கிடையாது, உடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, அது வழியா தண்ணிய உள்ள இழுக்கும். உள்ள சின்னச் சின்ன அறை, ஒவ்வொரு அறையிலயும் சாட்டை மாதிரி வால் வச்ச செல்லுங்க வரிசையா உக்காந்து வாலை ஆட்டிக்கிட்டே இருக்கும், அந்த ஆட்டத்துலதான் தண்ணி ஓடுது. சலிச்ச தண்ணி பெரிய ஓட்டை வழியா வெளிய வரும். ஒரு நாளைக்கு தன் உடம்பு அளவைப் போல பல ஆயிரம் மடங்கு தண்ணிய இப்படிச் சலிக்குது. கடல் தண்ணியில ஒரு மில்லியில பல லட்சம் பாக்டீரியா இருக்கும், அதுதான் இதோட முக்கியமான சாப்பாடு. நம்ம டேங்க்ல யூவி, ஸ்கிம்மர், சாக் மூணையும் வச்சு தண்ணிய கண்ணாடி மாதிரி ஆக்கிட்டு, வாரத்துக்கு ரெண்டு மூடி ஊத்தினா அது எப்படிப் பத்தும் சொல்லுங்க.

இப்ப உடனே பண்ண வேண்டியது. புது பிளேடு எடுத்துக்கோங்க, தண்ணிக்குள்ளயே வெட்டணும், மேல தூக்கவே கூடாது. வெள்ளை முடியற இடத்துல வெட்டாதீங்க, அதுக்குக் கீழ நல்லா செவப்பா இருக்கிற இடத்துல ஒரு சென்டிமீட்டர் உள்ள தள்ளி வெட்டுங்க. வெட்டின முகத்தைப் பாருங்க, நடுவுல வரைக்கும் நிறம் ஒரே மாதிரி இருந்தா சரி. நடுவுல சாம்பல் கலர் தெரிஞ்சா இன்னும் கீழ இறங்குங்க, ஏன்னா சில நேரம் வெளித்தோல் செவப்பா இருக்கும் உள்ள ஏற்கனவே செத்திருக்கும். வெட்டும்போதே பக்கத்துல சைஃபன் ட்யூப் பிடிச்சு பறக்கிற தூளை இழுத்துடுங்க. அப்புறம் மேல் பாறையில இருந்து எடுத்து கீழ ஒரு பாறை இடுக்குல, நேர் லைட் படாத இடத்துல வைங்க. லைட்ல இருந்தா தோல் மேல பாசி ஏறும், பாசி ஏறினா ஓட்டை அடைக்கும், அதுக்கு மேல சொல்லத் தேவையில்ல.

அலைக்கரை:

பழைய உப்பு அண்ணா சொன்னதோட ஒத்துப் போறேன், ஆனா ஒரு விஷயத்துல நான் கொஞ்சம் கடுமையா சொல்றேன், மன்னிச்சுக்கோங்க. அஞ்சு கிளையில மூணுக்கு மேல வெளுத்துடுச்சுன்னா காப்பாத்தப் பார்க்காதீங்க, முழுசா வெளிய எடுத்துடுங்க.

என் 150 லிட்டர் டேங்க்ல ஒரு ஆரஞ்சு ஸ்பாஞ்ச், கைப்பிடி அளவு, ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்னு விட்டேன், வெளியூர் போக வேண்டி வந்துச்சு. திரும்பி வந்து கதவைத் திறந்ததுமே நாத்தம், அழுகின முட்டை மாதிரி. தண்ணி பால் மாதிரி இருந்துச்சு, க்ளீனர் ஷ்ரிம்ப் ரெண்டும் மல்லாந்து கிடந்துச்சு, நத்தை எல்லாம் கண்ணாடியில தண்ணி மட்டத்துக்கு மேல ஏறி நின்னுச்சு. அமோனியா டெஸ்ட்ல பச்சை ஏறிடுச்சு. அன்னைக்கு ராத்திரி பாதித் தண்ணி மாத்தி, புது கார்பன் (தண்ணியில கலந்ததை உறிஞ்சுற கரி) போட்டு, காத்து பம்ப் ரெண்டு வச்சு, விடிய விடிய முழிச்சிருந்தேன். மீன் பிழைச்சது, ஷ்ரிம்ப் போயிடுச்சு. அதுங்க நாலு வருஷமா கைய நீட்டினா நகத்தை வந்து சுத்தம் பண்ணும், இப்பவும் அந்த இடம் காலியா இருக்கிறத பார்த்தா மனசு கேக்கல.

அழுகுற சதையில இருந்து அமோனியா மட்டும் இல்ல, நிறைய ஸ்பாஞ்ச் தன்னைக் காப்பாத்திக்க உடம்புல விஷச் சத்து வச்சிருக்கும், சாகும்போது அதுவும் தண்ணியில கலக்கலாம். அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே புது கார்பன் போட்டு வைங்க, தண்ணி மாத்த சால்ட் மிக்ஸ் ரெடியா கலக்கி வைங்க. அப்புறம் தினமும் காலையில கிட்டப் போய் மோந்து பாருங்க, டேங்க்ல கடல் வாசனையைத் தவிர வேற வாசனை வந்தா யோசிக்காம எடுத்துடுங்க.

நீலத்தொட்டி:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அலைக்கரை, உங்க ஷ்ரிம்ப் விஷயம் படிச்சதும் பயந்து உடனே கார்பன் மாத்திட்டேன்.

நேத்து வெட்டிட்டேன். ஒரு கிளையில முதல் வெட்டுலயே உள்ள பூரா செவப்பா இருந்துச்சு, இன்னொண்ணுல நீங்க சொன்ன மாதிரியே நடுவுல சாம்பல், மூணு தடவை இறங்க வேண்டியதாப் போச்சு, அந்தக் கிளையில இப்ப ரெண்டு விரல் உயரம்தான் மிச்சம். ஏஞ்சலையும் ரெண்டு மணி நேரம் பார்த்தேன், பக்கத்துல போகுது ஆனா பாறையில பாசியைத்தான் கொத்துது.

இப்ப ஒரு சந்தேகம், மீதி இருக்கிற கிளையெல்லாம் உயிரோடதான் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நிறத்தை நம்பக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் பைட்டோ எது, எவ்வளவு, எப்படின்னும் சொல்லுங்க.

ஆழி:

தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு சகோ, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலையும் அதுதான். பம்ப் எல்லாத்தையும் நிறுத்திட்டு தண்ணி அசையாம நிக்கற வரைக்கும் பொறுங்க. ஒரு சிரிஞ்ச்ல கொஞ்சமா பைட்டோ எடுத்து, கிளைக்கு ஒரு விரல் தூரத்துல வச்சு, ரொம்ப மெதுவா பச்சைப் புகை மாதிரி விடுங்க, கிளைய அப்படியே மூடுற மாதிரி. டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சு கண்ணாடியில மூக்கு ஒட்டற மாதிரி பாருங்க. உயிரோட இருக்கிற கிளையில அந்தப் பச்சை மெல்ல தோலைப் பார்த்து நகரும், அதே நேரம் கிளையில அங்கங்க இருக்கிற குண்டூசித் தலை அளவு ஓட்டைக்கு மேல பச்சை விலகி ஒரு தெளிஞ்ச கோடு மேல எழும்பும். சலிச்ச தண்ணி வெளிய வர்றது அதுதான். முதல் தடவை அதைப் பார்த்தப்ப நான் பேசாம பத்து நிமிஷம் நின்னேன், பாறைத்துண்டு மாதிரி கிடந்த ஒண்ணு மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு. செத்த கிளையில புகை அப்படியே தொங்கிட்டு கீழ உக்காந்துடும். உடனே செத்துடுச்சுன்னு நெனச்சுடாதீங்க, தொந்தரவு பண்ணினா ஓட்டைய மூடிக்கும், வெட்டின ரெண்டு நாள் கழிச்சு பண்ணிப் பாருங்க.

சாப்பாடு விஷயத்துல அளவுதான் முக்கியம், அதாவது துகளோட அளவு. ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. தண்ணி உள்ள போற ஓட்டையே பெரும்பாலும் 50 மைக்ரானுக்குள்ளதான், உள்ள இருக்கிற அந்தச் சாட்டை செல் பிடிக்கிறது அதைவிட ரொம்பச் சின்னது. பைட்டோ வகையில நானோக்ளோராப்சிஸ் 2, 3 மைக்ரான், ஐசோக்ரைசிஸ் 5 மைக்ரான் கிட்ட, டெட்ராசெல்மிஸ் 10 மைக்ரானைத் தாண்டும். ஸ்பாஞ்சுக்கு முதல் ரெண்டும் போடுங்க. நானோவுக்கு செல் சுவர் தடிமன், சீக்கிரம் செரிக்காது, அதனால ஐசோ கலந்து போடறது நல்லது. உயிருள்ள பைட்டோதான் வாங்கணும், ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், தினமும் ஒரு தடவை குலுக்கணும், மஞ்சளாகி நாத்தம் அடிச்சா அது சாப்பாடு இல்ல, அழுக்கு. ஆர்ட்டீமியா, ரோட்டிஃபர், மைசிஸ்னு பாக்கெட்ல "ஃபில்டர் ஃபீடருக்கு"ன்னு போட்டிருக்கிறதெல்லாம் இதுக்குள்ள நுழையவே நுழையாது, அதை ஊத்தி ஊத்தி பாஸ்பேட் ஏத்திக்கிட்டவங்க நிறைய பேர்.

ஒரே தடவையில நிறைய ஊத்துறதைவிட கொஞ்சமா அடிக்கடி. அது நாள் பூரா சலிக்கிற உயிர், வாரத்துல ரெண்டு நாள் விருந்து வச்சு அஞ்சு நாள் பட்டினி போட்டா தாங்காது. டோசிங் பம்ப் (தானா அளவா ஊத்துறது) இருந்தா ரொம்ப வசதி, இல்லன்னா காலையில கொஞ்சம், லைட் அணைஞ்சதும் கொஞ்சம். ஊத்தினதும் ஸ்கிம்மர் ரெண்டு மணி நேரம் ஆஃப், சாக்கைக் கழட்டிடுங்க. யூவியை மொத்தமா நிறுத்துறது நல்லது, ஆனா மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் இருந்து அதுக்காக ஓட்டறீங்கன்னா யோசிச்சுப் பண்ணுங்க.

நைட்ரேட் 2 பாஸ்பேட் 0.02 ரீஃபுக்கு அழகான நம்பர், ஸ்பாஞ்சுக்கு இது ரொம்ப வறண்ட தண்ணி. நைட்ரேட் 5, 10ல இருந்தாலும் உங்க லெதர் எதுவும் கோவிச்சுக்காது. இன்னொண்ணு, ஸ்பாஞ்ச் திடமான துகளை மட்டும் சாப்பிடுறது இல்ல, தண்ணியில கரைஞ்சிருக்கிற சத்தையும் எடுத்துக்கும். கோரலும் பாசியும் விடுற அந்தக் கரைஞ்ச சத்தை ஸ்பாஞ்ச் எடுத்து, உதிர்ந்த செல்லா வெளிய தள்ளி, அதை மத்த சின்ன உயிர் சாப்பிடுதுன்னு 2013ல சயின்ஸ் இதழ்ல கட்டுரையே வந்துச்சு, ஸ்பாஞ்ச் சுழற்சின்னு சொல்வாங்க. அப்படி இருக்க கார்பனையும் ஸ்கிம்மரையும் வருஷம் பூரா முழு வேகத்துல வச்சா அந்தக் கரைஞ்ச சாப்பாடும் போயிடும். வெட்டின இந்த வாரம் கார்பன் இருக்கட்டும், காயம் ஆறினதும் குறைச்சுடுங்க.

சிலிக்கா பத்தியும் சிலர் சொல்வாங்க. நிறைய ஸ்பாஞ்சுக்கு உள்ள ஊசி ஊசியா சிலிக்கா எலும்பு இருக்கு, ஆர்ஓ டிஐ ஃபில்டர்ல சுத்தம் பண்ணின தண்ணியில சிலிக்கா இருக்காது, அதனால கொஞ்சம் சிலிகேட் போடற பழக்கம் உண்டு. உண்மைதான், ஆனா பட்டினியில இருக்கிறதுக்கு எலும்பு மாத்திரை குடுத்து என்ன பிரயோஜனம், முதல்ல சாப்பாடு. டேங்க்ல பழுப்பு டயாட்டம் பாசிப் படலம் வர ஆரம்பிச்சா அளவு கூடிடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்.

சம்ப்வாசி:

எல்லாரும் நல்லா சொல்லிட்டீங்க, நான் ரெண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

நீலத்தொட்டி, இந்தச் செவப்பு மரம் ஸ்பாஞ்சுலயே கஷ்டமான வகையில ஒண்ணு, ஆனா அழகா இருக்கறதால முதல்ல எல்லாரும் வாங்கறதும் இதுதான். ஒளியில வாழற ஸ்பாஞ்ச் இருக்கு, நீல நிறத்துல பாறை மேல படர்றது, அதோட உடம்புக்குள்ள சயனோபாக்டீரியா குடியிருந்து லைட்ல இருந்து சாப்பாடு பண்ணிக் குடுக்கும். அடுத்த தடவை ஆசைப்பட்டா அதுல ஆரம்பிங்க, அதுக்கு மட்டும் நிழல் ஆகாது, நல்ல வெளிச்சம் வேணும். சில நேரம் அது நல்லா வளர்ந்து பக்கத்துல இருக்கிற கோரல் அடிப்பாகத்துல ஏறும், அதனால தனிப் பாறைல வைங்க.

ரெண்டாவது, உங்க சம்ப்புக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. எட்டு மாச டேங்க்ல பைப் மூலையில, இருட்டுல, அரிசி அளவுல வெள்ளையா, தலையில சின்னக் குஞ்சம் வச்ச மாதிரி ஒண்ணு கூட்டம் கூட்டமா இருக்கும், அன்னாசி ஸ்பாஞ்ச்னு சொல்வாங்க. தயவு செஞ்சு சுரண்டி எடுக்காதீங்க. நிறைய பேர் ஏதோ பூச்சின்னு நெனச்சு பிரஷ் போட்டுத் தேய்க்கிறாங்க, பார்த்தா வயிறு எரியுது. அதுவும் ஸ்பாஞ்ச்தான், நாம வாங்காம, ஊத்தாம, அதுவா வந்து வேலை பார்க்குது. பாறைக்கு அடியில சாம்பல், மஞ்சள், கறுப்புன்னு தோல் மாதிரி படர்றதும் பெரும்பாலும் ஸ்பாஞ்ச்தான். பைட்டோ ஊத்த ஆரம்பிச்ச பிறகு இதுங்க பெருகுதான்னு பாருங்க, பெருகினா தண்ணியில சாப்பாடு இருக்குன்னு அர்த்தம், எந்த டெஸ்ட் கிட்டும் இதைச் சொல்லாது.

ஒண்ணே ஒண்ணுல கவனம் வேணும், கோரல் எலும்புல குடைஞ்சு உள்ள போற க்ளையோனா வகை ஸ்பாஞ்ச். கல்லு மாதிரி இருக்கிற கோரல் மேல ஆரஞ்சு, பழுப்புப் புள்ளியா வட்ட வட்டமா எட்டிப் பார்த்தா, அந்தத் துண்டை மட்டும் ஒதுக்கிடுங்க.

நீலத்தொட்டி:

ஆறு வாரம் கழிச்சு எழுதறேன், தாமதத்துக்கு மன்னிக்கணும், சரியா தெரியற வரைக்கும் எழுத வேணாம்னு இருந்தேன்.

பச்சைப் புகை வச்சுப் பார்த்தேன் ஆழி. முதல் நாள் ஒண்ணுமே நடக்கல, மனசு விட்டுப் போச்சு. நாலு நாள் கழிச்சு மறுபடி பண்ணினப்ப மூணு கிளையில கோடு எழும்புச்சு, அந்த ரெண்டு விரல் உயரத்துக் கிளையில எழும்பல. அதை அடியோட வெட்டி எடுத்துட்டேன், உள்ள பூரா சாம்பல்தான், வெளிய மட்டும் செவப்பு. நிறத்தை நம்பியிருந்தா விட்டிருப்பேன். முதல்ல வெட்டின இன்னொரு கிளையோட வெட்டு முகம் பத்து நாள்ல மெல்லிசா தோல் மூடிடுச்சு.

யூவி ஆஃப் பண்ணிட்டேன், சாக் இல்ல, பைட்டோ ஒரு நாளைக்கு மூணு தடவை கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு வகையும் கலந்து. நைட்ரேட் 6 ஆச்சு, பாஸ்பேட் 0.06. கண்ணாடி முன்னைக்கு இப்ப சீக்கிரம் பச்சையாகுது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை துடைக்கிறேன், பரவாயில்ல. கோரல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஹேமர் இன்னும் அதிகமா விரியுது.

நேத்து சம்ப்ல டார்ச் அடிச்சேன். ரிட்டர்ன் பம்ப் பின்னாடி அன்னாசி ஸ்பாஞ்ச் எண்ண முடியல. அதுல ஒண்ணு பைப் வளைவுல உக்காந்திருக்கு, அது பாட்டுக்கு.

ஒரு சந்தேகம் மட்டும், நல்ல நுனியில இருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து வேற இடத்துல வச்சு வளர்க்கலாமா? பசை போட்டா பிடிக்குமா?

பழைய உப்பு:

கேக்கவே சந்தோஷமா இருக்கு தம்பி. துண்டு இப்ப எடுக்காதீங்க, இப்பதான் எழுந்து உக்காந்திருக்கு, இன்னும் ரெண்டு மூணு மாசம் போகட்டும், கிளை நீளுதான்னு பாருங்க. அப்புறம் எடுக்கும்போது பசை வேணாம், ஈரச் சதையில ஒட்டாது, ஒட்டின இடமும் மூச்சு முட்டி அழுகும். மீன் பிடிக்கிற நைலான் நரம்பு மெல்லிசா எடுத்து, கரடுமுரடான பாறைத்துண்டோட சேர்த்து தளர்வா ரெண்டு சுத்து, தண்ணிக்குள்ளயே. இறுக்கினா வெட்டிடும். வெட்டு முகம் பாறையத் தொட்ட மாதிரி இருக்கணும், நேர் ஃப்ளோ வேணாம். மூணு நாலு வாரத்துல அதுவா பிடிச்சுக்கும், நரம்பை அவுக்கத் தேவையில்ல, அதுக்கு மேலயே வளர்ந்து மூடிடும்.